அடக்கிப் பழகிய குழந்தைக்குச் சிறுநீர் கசிவது ஏன்?

பள்ளிக் கழிப்பறைக்குச் செல்லக் கூசி, கால்களைப் பின்னிக்கொண்டு அடக்கியே பழகிய குழந்தைக்குப் பகலிலேயே உள்ளாடை நனைவது ஏன்? இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் தொட்டில்போல் விரிந்து மூத்திரப்பையையும் மலக்குடலையும் தாங்கும் தசைகள், சிறுநீர் கழியும் வேளையில் தளரவேண்டியிருக்க, ஓயாமல் அடக்கிய அப்பியாசத்தினால் அச்சமயத்திலும் இறுகி நிற்பதனால், பை முற்றிலும் காலியாவதில்லை; எஞ்சிய சிறுநீரே பிறகு கசிகிறது. போதாக்குறைக்கு, குடலில் தேங்கிக் கெட்டிப்பட்ட மலமும் அப்பையை நெருக்குகிறது.

ஆகையால் சிகிச்சையில் முதற்காரியம் மலச்சிக்கலை நீக்குவதே. பிறகு, பாதங்கள் அந்தரத்தில் தொங்காமல் முக்காலியில் பதிய, சற்றே முன்சாய்ந்து அமர்ந்து, 2 அல்லது 3 மணிக்கொருமுறை அவசரமின்றிச் சிறுநீர் கழிக்கப் பழக்குகிறார்கள். தோலில் ஒட்டிய மின்வாய்கள் தசையின் இறுக்கத்தைத் திரையில் கோடாகக் காட்ட, அக்கோடு தாழ்வதைக் கண்டு, தசையைத் தளர்த்தும் வித்தையைக் குழந்தை தானே கிரகித்துக்கொள்கிறது. தண்டனைக்கு இதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை.