உங்களுக்குத் தெரியுமா? கதவு உண்டு, திறக்கக் காசு மறுக்கப்பட்டது

பழைய குற்றத் தண்டனையால் இழந்த துப்பாக்கி உரிமையைத் திரும்பக் கேட்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் வழி தருகிறது. ஆனால், தனிநபர் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஏடிஎஃப் அமைப்பு பணம் செலவிடக் கூடாது என்று 1992-இல் நாடாளுமன்றம் தடுத்துவிட்டது.

• ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர், துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது.

• டெக்சஸ் துப்பாக்கி வியாபாரி ஒருவர் இரவு உணவுக்காக மெக்சிகோ எல்லையைத் தாண்டினார். வண்டியில் இருந்த தோட்டாக்களுக்காக அங்கே தண்டனை பெற்றார். அதனால் இழந்த துப்பாக்கி உரிமையைத் திரும்பக் கேட்டு அவர் ஏடிஎஃப்-க்கு அனுப்பிய விண்ணப்பம் பரிசீலிக்கப்படாமலே திரும்பியது. அதில் நீதிமன்றம் தலையிட முடியாதென 2002-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது.

• வெளிநாட்டுத் தண்டனை துப்பாக்கி வைத்திருப்பதற்கான தடைக்குக் கணக்கில் வராது என அதே நீதிமன்றம் பின்னர் 2005-இல் தீர்ப்பளித்தது.

• ஏடிஎஃப் மீதான செலவுத் தடை இப்போது நிறுவனங்களின் விண்ணப்பங்களுக்குப் பொருந்தாது.