சோதனைக்கு வந்தவர்கள் செல்போனைக் கேட்டால்

"போலீஸ் வந்து பையனோட போனைக் கேட்டா கொடுத்துத்தான் ஆகணுமா?" ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது சகோதரர் ஒருவர் எங்களிடம் கேட்டார். அவர் வீட்டில் வழக்கு எதுவும் இல்லை. ஆனாலும் பயம். கடைக் கணக்கும் வீட்டுப் பெண்களின் நிக்காஹ் படங்களும் அந்தப் போனில்தான் இருக்கின்றன.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவுப்படி, போன், லேப்டாப் போன்றவற்றை ஒப்படைக்கும்படி காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிடலாம். வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வரவே முடியாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். தாமதித்தால் தடயம் கிடைக்காது என்று கருதினால், 185-வது பிரிவின் கீழ் விசாரணை அதிகாரி வாரண்ட் இன்றியும் சோதனையிடலாம். ஆனால் அதற்கான காரணத்தை முதலில் வழக்கு நாட்குறிப்பில் எழுதவேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போகவேண்டும். விண்ணப்பித்தால் நமக்கும் இலவசமாகக் கிடைக்கும்.

சோதனை முழுவதையும் வீடியோ எடுக்கவேண்டும் என்கிறது 105-வது பிரிவு. அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியாக இருக்கவேண்டும். ஜமாஅத் பெரியவர்களை அழைத்தால் தயங்காமல் போங்கள். அந்த வீட்டாருக்கு அதுவே பெரிய துணை. பெண்ணின் உடலைச் சோதிப்பதாக இருந்தால் இன்னொரு பெண்தான் செய்யவேண்டும்.

மகஜரில் கையெழுத்திடும் முன் நிதானமாகப் படியுங்கள். "செல்போன் 1" என்று மட்டும் இருந்தால் போதாது. மாடல், ஐஎம்இஐ எண், சிம், மெமரி கார்டு எல்லாம் பதிவாகவேண்டும். உங்கள் முன்னாலேயே அணைத்து, உறையிலிட்டு சீல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். போனில் இருப்பதைப் பின்னால் யாரும் மாற்றவில்லை என்று காட்ட உதவுவது ஹாஷ் மதிப்பு. உள்ளே இருக்கும் தகவலைக் கணக்கிட்டு எடுக்கும் எண் அது. ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். நீதிமன்றத்தில் தரும் சான்றிதழில் அந்த எண் இருக்கவேண்டும் என்று புதிய சாட்சியச் சட்டம் சொல்கிறது. பல வாரம் கழித்து ஆய்வகத்தில் எடுத்தால் நமக்குப் பயன் குறைவு. கைப்பற்றும்போதே எடுக்கும்படி எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நீதிமன்றங்களே ஒருமித்துச் சொல்லவில்லை. அதைத் தரச் சொல்வது தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வைப்பதாகாது என்று 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2022-ல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் கூறியது. அதனால் "வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்வதே நல்லது. பதற்றத்தில் எதையும் அழிக்காதீர்கள். சாட்சியமாகக்கூடியதை அழிப்பதே தனிக் குற்றம். ஒன்றும் இல்லாத வழக்கில் அதுவே வினையாகிவிடும்.

போனைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். ஆய்வு முடியாமல் தரமாட்டார்கள் என்றால், கடைக் கணக்கின் நகலையாவது கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் பேசலாம். உபா போன்ற சிறப்புச் சட்டங்களில் நடைமுறை வேறு. அங்கே முதல் நாளே வக்கீல் வேண்டும்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு போனிலும் *#06# அழுத்தி, வரும் எண்ணை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள்.