ஷிஃப்ட் மாறும் மலக்குகள்

வடசென்னைப் பசங்களுக்கு ஷிஃப்ட்னா என்னன்னு சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் அப்பாவோ மாமாவோ யாராவது ஒருத்தர் நைட் முடிச்சு வருவார். இன்னொருத்தர் காலை டியூட்டிக்குக் கிளம்புவார். அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கினால்தான் முதல் ஆள் வெளியே வர முடியும். இஸ்லாத்தில் காவல் வானவர்கள் பற்றிய நம்பிக்கையைப் புரிஞ்சுக்க இதுவே போதும்.

வானவரை அரபியில் 'மலக்' என்பார்கள். நம்ம ஏரியா முஸ்லிம் வீடுகளில் மலக்கு, மலக்குமார். இவர்கள் ஒளியால் படைக்கப்பட்டவர்கள். இட்ட வேலையைத் தட்டாதவர்கள். இவர்களை நம்புவது ஈமானின் ஆறு அடிப்படைகளில் ஒன்று.

மனிதனுக்கு முன்னும் பின்னும் காவல் உண்டு என்கிறது குர்ஆன் (13:11). அங்கே வரும் சொல் 'முஅக்கிபாத்'. ஒருவர் பின் ஒருவராக மாறி மாறி வருபவர்கள் என்று பொருள். ஷிஃப்ட்டேதான்! இரவு மலக்குகளும் பகல் மலக்குகளும் சந்திப்பது சுபுஹு தொழுகையிலும் அஸர் தொழுகையிலும் என்று புகாரி, முஸ்லிம் இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் வருகிறது. டியூட்டி முடித்துப் போகிறவர்களிடம் இறைவன், தனக்குத் தெரிந்திருந்தும், அடியார்களை எந்த நிலையில் விட்டு வந்தீர்கள் என்று கேட்பானாம்.

காவல் தவிர, பதிவும் உண்டு. நாம் செய்வதை எழுதும் மலக்குகள் 'கிராமன் காத்திபீன்', அதாவது கண்ணியமான எழுத்தர்கள் (82:11). தொழுகை முடிவில் வலமும் இடமும் திரும்பி ஸலாம் சொல்வதைப் பார்த்திருப்பீங்க. அது பக்கத்தில் தொழுபவருக்கும் மலக்குகளுக்கும் சேர்த்துத்தான்.

ராயபுரத்துக் கத்தோலிக்க நண்பர்கள் இதைக் கேட்டதும் "எங்க காவல் சம்மனசு மாதிரியே இருக்கே" என்பார்கள். அக்டோபர் 2 அவர்களுக்குக் காவல் தூதர்கள் திருநாள். ஒரு வித்தியாசம்: கத்தோலிக்கர் தம் காவல் தூதரை நோக்கியே ஜெபிப்பதுண்டு. முஸ்லிம் மலக்கிடம் எதையும் கேட்பதில்லை. கேட்பது அல்லாஹ்விடம் மட்டும்.

இப்போ கஷ்டமான கேள்வி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்த ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள்; பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அப்போ காவல் எங்கே போச்சு?

பழைய விரிவுரையாளர்கள் சொல்லும் பதில்: மலக்குகள் காப்பதும் இறைவன் கட்டளைப்படிதான், விதி வந்தால் விலகி வழிவிடுவார்கள். இழந்தவருக்கு இது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் குழாயைப் பராமரிக்க வேண்டியவர் இதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. காவலைப் பற்றிச் சொல்லும் அதே 13:11 வசனம் அங்கேயே நிற்கவில்லை. ஒரு சமூகம் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளாதவரை இறைவன் அதன் நிலையை மாற்றுவதில்லை என்று தொடர்கிறது. முதல் பாதியை மட்டும் படிச்சா தைரியம் வரும்; முழுசாப் படிச்சா பொறுப்பும் சேர்ந்து வரும்.

ஒட்டகத்தைக் கட்டிப்போடாமல் இறைவன் மேல் பாரத்தைப் போடலாமா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டு நம்பு என்றார் நபிகள். திர்மிதி தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது.

நாளைக்கு நீங்களும் நானும் ஏதோ ஒரு பிளான்ட்டில் நிற்போம். சென்சார் வேலை செய்யுதா, வால்வு சரியா மூடுதா, சைரன் குப்பம்வரை கேட்குதான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுவது நம்ம டியூட்டி. பார்க்காமலே கையெழுத்துப் போட்டால், அதையும் எழுதிக்கொள்ள இரண்டு பேர் பக்கத்திலேயே இருக்காங்க.