வில்லுக்கேற்ற அம்பு



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், மாணவர் சிலர்க்கு மூங்கில் வில்லில் பயிற்சி அளித்து வந்தோம். அவருள் ஒரு சிறுவன் எய்த அம்புகள் எல்லாம் இலக்கின் இடப்புறமே சென்று விழுந்தன. "உனக்குக் கவனம் போதாது" என்று அவனைப் பலமுறை கடிந்தேன். நெடுநாள் கழித்து வில்வித்தை பற்றிய நூல்களைப் பயின்றபோதுதான் உண்மை விளங்கிற்று. அவன் கையில் இருந்தது மெல்லிய வில். நாங்கள் கொடுத்தவையோ, மூத்த மாணவரின் வலிய வில்லுக்கெனச் செய்த தடித்த அம்புகள். குற்றம் அவனுடையதன்று, எங்களுடையது.

இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். பழைய முறை வில்லில் அம்பு பிடியின் நடுவே செல்வதில்லை. பிடியின் பக்கத்தை ஒட்டிச் செல்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. வலக்கையால் நாணை இழுப்பவருக்கு அம்பின் முனை சற்றே இடப்புறம் சாய்ந்திருக்கும். அவ்வாறாயின் அம்பு இடப்புறமே செல்ல வேண்டும் அன்றோ? எனினும் நல்ல அம்பு நேரே செல்கிறது. இதனை வில்லாளியின் முரண் என்பர். 1930களில் அமெரிக்க அறிஞர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படக்கருவி கொண்டு இதனைப் படம் பிடித்தார். நாண் பின்னிருந்து தள்ளும்போது அம்பு வளைகிறது. பிடியைத் தொடாமல் வளைந்து கடந்து, மீன் நீந்துவதுபோல் இருபுறமும் நெளிந்தவாறே முன் செல்கிறது. அம்பு மிக விறைப்பாயின் போதிய அளவு வளையாது இடப்புறம் ஒதுங்கும். மிகத் துவண்டதாயின் வலப்புறம் ஒதுங்கும்.

இலக்குப் பலகையில் எய்வோர்க்கு இது மதிப்பெண் குறையும் செய்தி மட்டுமே. வேட்டையாடுவோர்க்கோ இது மனச்சான்றைப் பற்றியது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1934இல் வில்லால் மான் வேட்டையாடுவதற்கெனத் தனிப் பருவம் வகுத்தது. அத்தகைய வேட்டை அந்நாட்டில் இன்றும் நடைபெறுகிறது. அம்பு துப்பாக்கிக் குண்டைப் போல் அதிர்ச்சியால் வீழ்த்துவதன்று. ஆழ வெட்டி, குருதி போக்கிக் கொல்வது. வால் அசைந்து பறக்கும் அம்பின் விசை பக்கவாட்டில் வீணாகும், ஆழம் குறையும். புண்பட்ட மான் காட்டுக்குள் ஓடிப் பல நாள் துன்புறும். ஆதலின், அம்பை வில்லுக்கு இசைவித்தல் வேட்டைக்காரனின் முதற்கடமை.

இசைவிக்கும் முறை எளிது. முதலில் தண்டின் விறைப்பை அளக்க வேண்டும். 26 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 இராத்தல் எடையைத் தொங்கவிடுவர். தண்டு எத்தனை அங்குலம் தாழ்கிறதோ, அதனால் 26ஐ வகுத்தால் ஏறக்குறைய எத்தனை இராத்தல் வில்லுக்கு அது ஏற்றது என்பது கிடைக்கும். அரை அங்குலம் தாழ்ந்தால் 52 இராத்தல். எல்லா அம்புகளும் விறைப்பிலும் எடையிலும் ஒத்திருத்தல் வேண்டும்.

அடுத்து, எய்து பார்க்க வேண்டும். அம்பின் பின்புறத்து இறகு காற்றைத் தடுத்து அம்பை நேராக்குவது. அதனாலேயே குறையை மறைப்பதும் அதுவே. எனவே இறகுள்ள அம்புகள் சிலவற்றையும், இறகற்ற அம்புகள் சிலவற்றையும் பத்துப் பதினைந்து கஜ தூரத்திலிருந்து எய்வர். வலக்கையால் இழுப்பவருக்கு, இறகற்றவை மற்றவற்றின் இடப்புறம் தைத்தால் தண்டு விறைப்பு மிகுந்தது. கனமான முனையைப் பொருத்தினால் விறைப்பின் விளைவு தணியும். வலப்புறம் தைத்தால் தண்டு துவளுகிறது; சிறிது குறுக்கவோ, இலேசான முனையை இடவோ வேண்டும். இறகற்றவை கீழே தைத்தால், நாணில் அம்பைப் பூட்டும் இடம் மேலே இருக்கிறது. அதனைச் சற்று இறக்க வேண்டும். மேலே தைத்தால் ஏற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. இரண்டை மாற்றினால் பயன் எதனால் வந்தது என்று தெரியாது.

இறுதியில், வேட்டைக்குரிய அகன்ற அலகைப் பொருத்தி மீண்டும் எய்து பார்த்தல் வேண்டும். அகன்ற அலகு முன்புறத்தில் சிறகுபோல் காற்றை வாங்கும். சிறு பிழையையும் பெரிதாக்கிவிடும்.

1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாகி இனத்தவரான இஷி என்பார், மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கு வில்வித்தை கற்பித்தார். தணலில் வாட்டி, கையால் வளைத்து நிமிர்த்தியே அவர் தம் அம்புத்தண்டுகளை நேராக்கினார். அளவுகோல் ஏதும் இன்றி, அவருடைய கையும் கண்ணுமே அதற்குப் போதுமானவையாய் இருந்தன.

நான் கடிந்த சிறுவன், அவனுக்கேற்ற அம்பைச் செய்து கொடுக்குமுன் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான். தனக்குக் குறி பார்க்க வராது என்றே அவன் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கலாம். அன்பர்களே, பிள்ளை குறி தவறும்போது அவன் கையைக் கடிவதற்கு முன், நாம் கொடுத்த அம்பை ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.