ஆளி விதை சாப்பிட்டால் பி.பி. குறையுமா?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியைத் தாண்டிப் போகும்போது ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தால், ஆளி விதை கண்ணில் படாமல் போகாது. விதை, பொடி, எண்ணெய், கேப்சூல் என எல்லா வடிவத்திலும் கிடைக்கிறது. ‘இதைச் சாப்பிட்டா பி.பி. மாத்திரையே வேண்டாம்’ என்ற ஃபார்வர்டும் பலரின் போனுக்கு வந்திருக்கும். உண்மை என்ன?

ஆய்வு என்ன சொல்கிறது?

2013-ல் வெளியான கனடா ஆய்வு ஒன்றுதான் இந்தப் பேச்சுக்கு அடிப்படை. காலுக்குச் செல்லும் ரத்தக் குழாயில் அடைப்பு உள்ள 110 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் 6 மாதம் தினமும் 30 கிராம் அரைத்த ஆளி விதை சாப்பிட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு மேல் அளவு சுமார் 10, கீழ் அளவு சுமார் 7 குறைவாக இருந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனால், பலர் பி.பி. மருந்தையும் கூடவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2016-ல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரிக் குறைவு மேல் அளவில் 2.85, கீழ் அளவில் 2.39 மட்டுமே. 150 இருப்பவருக்கு இது போதாது.

கேப்சூல் போதுமா?

பொடியில்தான் இரண்டு அளவும் குறைந்தன. எண்ணெய் கீழ் அளவை மட்டுமே தெளிவாகக் குறைத்தது. விதையிலிருந்து பிரித்தெடுத்த லிக்னான் சத்தால் பலன் தெரியவில்லை. ஒமேகா-3, நார்ச்சத்து, லிக்னான் மூன்றும் சேர்ந்து கிடைப்பது பொடியில்தான். முழு விதையாக விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும்.

எப்படிச் சாப்பிடலாம்?

லேசாக வறுத்து, மிக்சியில் பொடித்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். இட்லிப் பொடியிலோ மோரிலோ ஒரு ஸ்பூனில் தொடங்கலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும். மாத்திரை போடும் நேரத்தில் இதைச் சாப்பிட வேண்டாம். ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மாத்திரையை நிறுத்தலாமா?

கூடவே கூடாது. ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். பலருக்கு அறிகுறியே தெரியாது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று மாத்திரையை விட்டால், பக்கவாதமோ மாரடைப்போதான் முதல் அறிகுறியாக வரலாம். செலவுதான் தடை என்றால், ஆரம்ப சுகாதார நிலையங்களில் பி.பி. மாத்திரை இலவசம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள்.

ஆளி விதை தட்டில் இருக்கட்டும். மாத்திரையும் டப்பாவில் இருக்கட்டும்.