கடைமடைக் கணினி

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் இருக்கும் என் அக்கா, காலையில் லேப்டாப்பின் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் அரிசி களையப் போவாள். உலை கொதித்து, அரிசியைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மகள் கல்லூரியில் சேர்ந்த 2014-இல் வாங்கியது. "வயசாயிடுச்சுடா. எனக்கு முட்டி வலி, அதுக்கும் முட்டி வலி" என்பாள்.

கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். முழுசாக எழுந்து உட்கார 11 நிமிடம்.

ஆனால் அதற்கு முட்டி வலி இல்லை. கணினியின் மூளையான பிராசஸருக்குத் தாளம் போடுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். பத்து வருடம் கழித்தும் அதன் அதிர்வு லட்சத்தில் ஓரிரு பங்குக்கு மேல் மாறியிருக்காது. கடையிலிருந்து கொண்டுவந்த அன்று என்ன வேகத்தில் இரண்டு எண்களைக் கூட்டியதோ, அதே வேகத்தில்தான் இன்றைக்கும் கூட்டுகிறது. அப்படியானால் அந்த 11 நிமிடமும் அது என்ன செய்கிறது?

பார்க்க வழி இருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அக்காவின் லேப்டாப்பில் அதுவே திறக்க ஒரு நிமிடம் பிடித்தது. திறந்ததும் பார்த்தால் பிராசஸர் 7 சதவீதம், மெமரி 94 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். அதாவது மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க்கிலிருந்து சரக்கு வந்து சேரவில்லை.

இதை நாகைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், அங்கிருந்து ஆறு, வாய்க்கால், மதகு எல்லாம் தாண்டிக் கடைசி வயல்களான கடைமடைக்கு வர இன்னும் எத்தனையோ நாள். மண்ணில் குறையில்லை, ஆளும் தயார், தண்ணீர்தான் வரவில்லை. பழைய கணினியின் பிராசஸர் ஒரு கடைமடை வயல்.

எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்ற கணக்கில்தான் எனக்கு எப்போதும் மலைப்பு. பிராசஸர் தனக்கு வேண்டியதை ரேமில், அதாவது மெமரியில், கேட்டால் ஏறத்தாழ 100 நானோ நொடியில் கிடைக்கும். நானோ நொடி என்றால் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. மனசில் நிற்காத அளவு. எனவே அந்த 100 நானோ நொடியை ஒரு நிமிடமாக இழுத்து வைத்துக்கொள்வோம். கூடத்திலிருந்து எழுந்து போய் அடுக்களையில் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு வரும் நேரம். அதே பொருள் ரேமில் இல்லை, ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது என்றால்? லேப்டாப்பில் இருக்கும் சாதாரண டிஸ்க் எடுத்துக் கொடுக்கச் சுமார் 17 மில்லி நொடி ஆகும். நம் அளவில் அது 1,70,000 நிமிடம். நாளாக்கினால் 118 நாள். ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகத்தின் வயது ஏறத்தாழ 110 நாள். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டவனிடம் "இரு, விதை விட்டு, நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்துவிட்டு வந்து தருகிறேன்" என்று சொல்வது போல. இப்படி ஆயிரம் முறை கேட்டால் ஆயிரம் குறுவை.

டிஸ்க் சோம்பேறி என்று இதற்கு அர்த்தமில்லை. உள்ளே பளபளக்கும் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுகிறது. தட்டின் விளிம்பு கிட்டத்தட்ட மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் போகிற மாதிரி. அதற்கு மேலே சில நானோ மீட்டர் உயரத்தில், தொடாமல், படிக்கும் முனை மிதக்கிறது. தலைமுடியின் தடிமனோ பல பத்தாயிரம் நானோ மீட்டர். இத்தனை நேர்த்தியான பொருள்தான். ஆனாலும் அது ஓர் எந்திரம். முனை நகர வேண்டும், வேண்டிய இடம் சுழன்று முனைக்கு அடியில் வர வேண்டும். உண்மையாகவே வயசாகும் உறுப்பும் இதுதான். தட்டில் ஓரிடம் தேய்ந்து படிக்க முடியாமல் போனால், டிஸ்க் விட்டுவிடாது. அடுத்த சுற்றில் பார்க்கும், அதற்கடுத்த சுற்றிலும் பார்க்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் 11 மில்லி நொடி. டிக் டிக்கென்று சத்தம் வர ஆரம்பித்தால் வேகத்தை மறந்துவிட்டுக் கல்யாண போட்டோக்களை முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள்.

சரி, ரேம் இருக்கும்போது எதற்காக டிஸ்க்கை அண்ட வேண்டும்? இடம் போதாததால். ரேம் நிறைந்துவிட்டால் இப்போதைக்கு வேண்டாததை டிஸ்க் போன்ற வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது திரும்ப அழைக்கும் உத்தி 1962-லேயே மான்செஸ்டரின் அட்லஸ் கணினியில் வந்துவிட்டது. அருமையான உத்தி, அளவோடு இருக்கும்வரை. அளவு மீறினால் உள்ளே ஒன்று வர வெளியே ஒன்று போக, போனதே அடுத்த கணம் தேவைப்பட, இயந்திரத்தின் நேரம் முழுவதும் ஏற்றி இறக்குவதிலேயே கழிகிறது. 1968-இல் பீட்டர் டென்னிங் இதை ஆராய்ந்து எழுதினார். இதற்கு ஆங்கிலத்தில் 'திராஷிங்' என்று பெயர். நெல் போரடிப்பதற்கு அவர்கள் சொல்லும் 'திரெஷிங்' என்பதும் அதுவும் ஒரே வேர்ச்சொல். நம் களத்தில் அடித்தால் நெல்லாவது உதிரும். இங்கே வெறும் வைக்கோலை அடிக்கிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேறு மாதிரி போரடிக்கிறது.

அக்காவின் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம் இருக்க வேண்டும், இரண்டு 2 ஜிபி துண்டுகளாக. டாஸ்க் மேனேஜர் காட்டியது 2 ஜிபி மட்டும். பாதியைக் காணோம்!

சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தேன். ஒரு ரேம் துண்டின் தங்க நிறப் பற்களில் இரண்டு மூன்று மங்கி, பச்சை ஓடியிருந்தன. தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் பல்லின் மேலிருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. அதன் நுண்துளைகள் வழியே அடியில் இருக்கும் செம்பு அரித்து மேலே கசியும். அதற்கு ஈரமும் உப்பும் வேண்டும், நாகையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அக்காவின் அடுக்களையில் கல்லுப்பு ஜாடி எப்போதும் நசநசவென்று இருக்கும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். கடற்காற்று அந்த உப்பைத் தூசியோடு லேப்டாப்புக்குள்ளும் கொண்டுவந்து வைக்கிறது. உள்ளே படிந்த தூசி, காய்ந்ததுபோல் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப் போர்வை. அணைத்து அலமாரியில் வைத்த கணினிக்கு உள்ளே சூடும் இருக்காது, ஈரம் உலரவே உலராது. கடலோரத்தில் கணினியை அவ்வப்போதாவது ஓட்டுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

பழுது பார்ப்பவர்கள் பள்ளிக்கூட ரப்பரை எடுத்துப் பற்களை ஒரு தேய்ப்புத் தேய்த்து மாட்டுவார்கள். நானும் மெதுவாகத் தேய்த்தேன். அழுத்தினால் தங்கமும் போய்விடும். மாட்டியதும் 4 ஜிபி வந்துவிட்டது.

ஃபேனுக்கும் வெப்பத்தைக் கடத்தும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துணியை வெட்டி வைத்த மாதிரி, விரல் நீளத்துக்குத் தூசிப் பட்டை. இடுக்கியால் இழுத்தால் ஒரே துண்டாக வந்தது, நடுவே ஒரு தென்னை நாரும். காற்றுப் போக வழியில்லாமல் பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது, வெந்து போகாமலிருக்கத் தானே தன் தாளத்தைப் பாதியாக, சில நேரம் அதற்கும் கீழே, குறைத்துக்கொள்ளும். சித்திரை மதியத்தில் மட்டும் கணினி திணறினால் முதலில் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும். தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் அதுவே டைனமோவாகி மின்சாரத்தைப் பலகைக்குள் தள்ளும்.

மென்பொருளின் பங்கும் உண்டு. வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிறது என்று நிக்லாஸ் விர்த் 1995-லேயே நொந்துகொண்டார். இயங்கத் தொடங்கும்போதே வரிசையில் நிற்கும் நிரல்களில் அக்காவுக்கு வேண்டியவை இரண்டு, நின்றவை பதினான்கு. வேண்டாதவற்றை நிறுத்தினேன். 'ஒரே க்ளிக்கில் வேகம்' என்று விற்கும் பூஸ்டர்கள் பதினைந்தாவதாக வந்து நிற்குமே தவிர வேறொன்றும் செய்யா. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், 11-ஐ ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல புகலிடம். தமிழ்நாட்டில் அது புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சிடாக் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் பல வீடுகளுக்குப் போயிருக்கிறது.

கடைசியாக ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதே அளவுள்ள எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினேன். இதில் சுழலும் தட்டு இல்லை. தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகம். மின்காப்புச் சுவர் எழுப்பிய சின்னஞ்சிறு அறைகளுக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிறது. சுவரில் கதவும் கிடையாது, துளையும் கிடையாது. குவாண்டம் விதிப்படி எலக்ட்ரான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. கேட்டதை எடுத்துத் தர ஏறத்தாழ 0.1 மில்லி நொடி. நம் அளவில் 17 மணி நேரத்துக்கும் கீழே. குறுவை போய், சாயங்காலம் ஆறுக்குக் கேட்டால் மறுநாள் பதினொன்றுக்குள் கையில்.

இப்போது 22 நொடியில் திரை வந்துவிடுகிறது. நான்கு நாள் கழித்து அக்கா போன் பண்ணினாள். "என்னடா, புது டிஸ்க்கு போட்டும் காலையில வந்து பாத்தா திரை கறுத்துக் கெடக்கு."

"பட்டனை அமுத்திட்டு எங்கக்கா போன?"

"எங்க போவேன், அரிசி களையத்தான்."