புத்தளக் கரையும் சுதந்திர தினமும்

பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கையின் சுதந்திர தினமாகும். அந்நாளின் பொருளை அறிய விரும்புவோர் கொழும்பு நகரத்து விழாவை மட்டும் நோக்கினாற் போதாது. நாடு தன் உரிமையை இழந்த கதையைச் சொல்லும் சான்று ஒன்று வடமேற்கிலே, உப்பளங்கள் நிறைந்த புத்தளக் கரையிலே நிற்கின்றது. அதுவே கற்பிட்டிக் கோட்டை.

புத்தளமும் கற்பிட்டியும் ஒரு காலத்திற் கண்டியரசின் கடல்வாயில்களாக விளங்கின. மலைநாட்டுப் பாக்கு இவ்வழியே வெளியே சென்றது. உப்பும் துணியும் உள்ளே வந்தன. போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் 1667 தொடங்கி 1676 வரை இக்கோட்டையைக் கட்டினர். களப்பின் வாயைக் காவல் செய்தவர், கண்டியின் வாணிகத்தையும் தம் கைக்குள் அடக்கினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கரையோரம் முழுவதும் அவர் வசமாயிற்று. கடலை இழந்த அரசு பின்னர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலேயர் 1795இற் கற்பிட்டியைக் கைப்பற்றினர். 1815இற் கண்டியும் அவர் ஆட்சிக்குட்பட்டது.

உரிமை மீண்டது படிப்படியாகவே. 1931இற் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. சோல்பரி அரசியலமைப்பின்படி 1947இற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. 1948 பெப்ரவரி 4ஆம் நாள் டி. எஸ். சேனநாயக்காவை முதற் பிரதமராகக் கொண்டிருந்த நாடு சுதந்திரம் பெற்றது. அந்நியர் முன்னர் கோட்டை கட்டி ஆண்ட புத்தளத்தின் பிரதிநிதி எச். எஸ். இஸ்மாயில், 1956இற் பாராளுமன்றத்தின் சபாநாயகராக அமர்ந்தார்.

1948இல் ஏறியது சிங்கக்கொடி. தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சட் பட்டையும் முஸ்லிம்களைக் குறிக்கும் பச்சைப் பட்டையும் 1951இலேயே அதனுடன் சேர்ந்தன. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் இக்கரைக்கு அக்கொடி மிகவும் பொருந்துவதே. ஆயினும், கொடியில் இடம் பெறுவதனால் மட்டும் வாழ்வில் இடம் கிடைத்துவிடுவதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலே அடைக்கலம் புகுந்தனர். அகதி முகாம்களிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் ஆண்டுதோறும் இச்சுதந்திர தினத்தைக் கண்டனர்.

இன்றும் அந்நாளிலே அரச அலுவலகங்களிற் கொடி ஏறுகின்றது, புலவர் மு. நல்லதம்பி தமிழாக்கிய தேசிய கீதம் தமிழ்ப் பாடசாலைகளின் உடைமையாக இருக்கின்றது. அந்நியர் ஆட்சி அகன்றது ஒரு நாளில் நிகழ்ந்தது. ஒவ்வொருவரும் தம் சொந்த ஊரில் அச்சமின்றி வாழும் நிலையோ, நாள்தோறும் காக்கப்படவேண்டியது. இக்கரையின் வரலாறு உணர்த்துவது இதனையே.